வாசல்ல க்ளிப்போர்டோட யாராச்சும் வந்தா: இல்லினாய்ஸுக்கு புதுசா வந்தவங்களுக்கு ப்ரைமரி எலெக்‌ஷன் பத்தி

2025 செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமை, சிகாகோ பக்கத்துல ஷாம்பர்க்ல புதுசா குடிவந்த தம்பி ஒருத்தர் போன் பண்ணி, அக்கா வாசல்ல ஒரு அம்மா க்ளிப்போர்டோட நிக்கிறாங்க, ஏதோ எலெக்‌ஷனுக்கு கையெழுத்து கேக்குறாங்க, ரொம்ப தன்மையா பேசுறாங்க, போட்டுடவான்னு கேட்டார். போடாதீங்க, நான் சிட்டிசன் இல்லன்னு மட்டும் சொல்லுங்க, அவங்களே தேங்க்ஸ் சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவாங்கன்னு சொன்னேன், அப்படியேதான் நடந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் அவருக்கு நூறு கேள்வி. தேர்தல் அடுத்த வருஷம் நவம்பர்லதானே, இப்பவே எதுக்கு வீடு வீடா வர்றாங்க, ஒரே கட்சியில இருந்தே நாலு பேரு நாலு நோட்டீஸ் போட்டுட்டுப் போறாங்களே, இதுல யாரு உண்மையான வேட்பாளர்னு. அவருக்குச் சொன்னதத்தான் இப்ப விரிவா எழுதுறேன். நான் இருக்கிறது சிகாகோ புறநகர், அதனால இந்த ஊர் கதைதான் நிறைய வரும், மத்த ஸ்டேட் ஆளுங்களுக்கு கடைசியில கொஞ்சம் இருக்கு.

முதல்ல ஒரு விஷயத்த மனசுல வாங்கிக்கோங்க. நம்ம ஊர்ல சீட்டு யாருக்குங்கிறத கட்சித் தலைமை முடிவு பண்ணும், விருப்ப மனு வாங்கி, பணம் கட்டி, நேர்காணலுக்குப் போய் உக்காந்து, கடைசியில ஒரு ராத்திரி பட்டியல் வரும். இங்க அந்தப் பட்டியலப் போடுறதே ஜனங்கதான், அதுக்குன்னு நடக்கிற தேர்தல்தான் ப்ரைமரி. இல்லினாய்ஸ்ல 2026-க்கு ப்ரைமரி மார்ச் 17, பொதுத்தேர்தல் நவம்பர் 3. ஊர்ல பாதிப் பேரு நவம்பரத்தான் தேர்தல்னு நினைக்கிறாங்க, ஆனா ஒரே கட்சி பக்கம் பலமா சாயுற தொகுதி இங்க நிறைய, அங்கெல்லாம் எம்.பி. யாருன்னு மார்ச்லயே முடிவாயிடும். சிகாகோ மேற்குப் பக்கம் வர்ற 7-ஆவது தொகுதியப் பாருங்க, 1997-ல இருந்து இருந்த டேனி டேவிஸ் இனி நிக்கலன்னு 2025 கோடையில சொன்னாரு, உடனே டெமாக்ரட் கட்சியிலயே பத்து பேருக்கு மேல கிளம்பிட்டாங்க. இல்லினாய்ஸ் ப்ரைமரியில பாதிக்கு மேல வாங்கணும்னு கட்டாயம் இல்ல, டெக்சாஸ் மாதிரி முதல் ரெண்டு பேருக்குள்ள மறுபடி ஒரு தேர்தல், அதான் ரன்-ஆஃப், அதுவும் கிடையாது, யாருக்கு அதிகமோ அவங்க ஜெயிச்சாங்க, அவ்வளவுதான். அப்ப ஓட்டு பத்து பக்கமா பிரிஞ்சா நூத்துக்கு இருபத்தஞ்சு முப்பது வாங்கினவங்ககூட ஜெயிச்சுட்டு அப்படியே வாஷிங்டனுக்கு போயிடலாம். அதனாலதான் ஒரு வருஷம் முன்னாடியே இவ்வளவு ஓட்டம்.

2026 தேர்தலுக்கு இல்லினாய்ஸ்ல நடந்தது ஒரு காய நகர்த்தினா மொத்தப் பலகையும் மாறுற மாதிரி. 1997-ல இருந்து செனட்டரா இருந்த டிக் டர்பின் 2025 ஏப்ரல் 23-ஆம் தேதி, நான் திரும்ப நிக்கலன்னு அறிவிச்சாரு. கொஞ்ச நாள்லயே லெப்டினன்ட் கவர்னர் (துணை கவர்னர்) ஜூலியானா ஸ்ட்ராட்டன் கிளம்பினாங்க, அவங்களுக்கு கவர்னர் ப்ரிட்ஸ்கர் ஆதரவு, அப்புறம் எம்.பி.க்கள் ராபின் கெல்லி, ராஜா கிருஷ்ணமூர்த்தி. ரெண்டு எம்.பி. செனட்டுக்குத் தாவுனா அவங்க ரெண்டு தொகுதியும் காலி, அந்த இடத்துக்கு கீழ இருக்கிற ஸ்டேட் செனட்டர், கவுன்டி கமிஷனர் எல்லாம் நகர, அவங்க விட்ட இடத்துக்கு இன்னும் கீழ இருக்கிறவங்க நகர, இப்படியே ஊராட்சி லெவல் வரைக்கும் இறங்குது. நடுவுல 9-ஆவது தொகுதி ஜான் ஷகாவ்ஸ்கியும் ஓய்வுன்னு சொல்லிட்டாங்க. அவங்க சொல்றதுக்கு முன்னாடியே, 2025 மார்ச்லயே, கேட் அபுகஸாலேன்னு ஒரு சின்ன வயசுப் பொண்ணு அவங்கள எதிர்த்து நிக்கிறேன்னு ஆரம்பிச்சிருந்தாங்க, அப்புறம் எவன்ஸ்டன் மேயர் டேனியல் பிஸ், இன்னும் ஒரு பெரிய கூட்டம்.

பணம் எங்க இருந்து எங்க போகலாம்னு தெரிஞ்சா இந்த நகர்வு எல்லாம் இன்னும் நல்லா புரியும். எம்.பி.யா இருந்தப்ப சேத்த தேர்தல் நிதிய செனட் தேர்தலுக்கு அப்படியே எடுத்துட்டுப் போகலாம், ரெண்டுமே ஃபெடரல் (மத்திய அரசு) தேர்தல் கணக்கு. ஆனா ஸ்டேட் பதவிக்கு நின்னு சேத்த பணத்த ஃபெடரல் தேர்தலுக்கு மாத்த முடியாது. அதனாலதான் கிருஷ்ணமூர்த்தி வருஷக்கணக்கா சேத்து வச்ச நிதியோட களத்துல இறங்க முடிஞ்சுச்சு, ஸ்ட்ராட்டன் தன் கணக்க புதுசா ஆரம்பிக்க வேண்டியிருந்துச்சு.

கிருஷ்ணமூர்த்தி கதைய தனியா சொல்லணும், தமிழ்க் குடும்பம்ங்கிறதுக்காக மட்டும் இல்ல, நம்ம ஆளுன்னு ஓட்டுப் போடுங்கன்னும் நான் சொல்லல, ப்ரைமரின்னா என்னன்னு புரிய வைக்க அத விட நல்ல கதை எனக்குத் தெரியாது. டெல்லியில பொறந்து, கைக்குழந்தையா அமெரிக்கா வந்து, பியோரியாவுல வளர்ந்தவரு. 2010-ல ஸ்டேட் கம்ப்ட்ரோலர், அதாவது மாநில அரசு கணக்கப் பாக்குற பதவிக்கு ப்ரைமரியில நின்னு தோத்தாரு. 2012-ல 8-ஆவது தொகுதி ப்ரைமரியில டாமி டக்வொர்த்த எதிர்த்து நின்னாரு, அவங்க ஈராக்ல ஹெலிகாப்டர் ஓட்டி ரெண்டு காலையும் இழந்தவங்க, மூணுல ரெண்டு பங்கு ஓட்டு அவங்களுக்குப் போயிடுச்சு. நவம்பர்ல அவங்க ஜெயிச்சு எம்.பி. ஆனாங்க. இவரு கட்சிய விட்டும் போகல, சுயேச்சையாவும் நிக்கல. 2016-ல டக்வொர்த் செனட்டுக்குப் போனப்ப அதே தொகுதி ப்ரைமரியில மறுபடி நின்னு ஜெயிச்சு உள்ள போனாரு. 2026-ல அவரு விட்ட அதே 8-க்கு நிக்க மெலிசா பீன் திரும்ப வந்தாங்க, 2005-ல இருந்து அங்க எம்.பி.யா இருந்து 2010-ல 300-க்கும் கம்மியான ஓட்டுல தோத்தவங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு திரும்ப வந்தாங்க பாருங்க.

சரி, அந்த க்ளிப்போர்ட் விஷயம். கட்சி பேர்ல ப்ரைமரியில நிக்கணும்னா அந்தத் தொகுதி வாக்காளர்கள்கிட்ட இவ்வளவு கையெழுத்துன்னு வாங்கிக் கொடுக்கணும், 2026 ப்ரைமரிக்கு 2025 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு 2025 நவம்பர் 3 கடைசி நாளா இருந்துச்சு. ஒருத்தர் கொடுத்ததும் எதிராளி ஆளுங்க ஒவ்வொரு பக்கமா பெரட்டி, இவரு வாக்காளரே இல்ல, இவரு தொகுதியே வேறன்னு ஆட்சேபம் போடுவாங்க, அஞ்சு வேலை நாள் டைம். பாதிப் போட்டி இங்கயே முடியும். ஒபாமா முதல்முதல்ல ஸ்டேட் செனட்டுக்கு வந்தது இப்படித்தான், 1996-ல. ஆலிஸ் பாமர்னு ஒரு ஸ்டேட் செனட்டர் வாஷிங்டன்ல இருக்கிற காங்கிரசுக்கு (நாடாளுமன்றத்துக்கு) போறேன்னு தன் இடத்த ஒபாமாவுக்கு விட்டாங்க, அங்க தோத்ததும் திரும்ப என் இடத்துக்கே நிக்கிறேன்னு அவசர அவசரமா கையெழுத்து வாங்கினாங்க, ஒபாமா ஆளுங்க அத சரிபாத்து ஆட்சேபம் போட்டு, அவங்களோட இன்னும் மூணு பேரையும் சேத்து பேலட்லயே (வாக்குச்சீட்டுலயே) பேரு வராம பண்ணிட்டாங்க, ப்ரைமரியில அவருக்கு எதிரியே இல்லாம போச்சு. அதே ஒபாமா 2000-ல பாபி ரஷ்ஷுங்கிற எம்.பி.ய ப்ரைமரியில எதிர்த்து நின்னு மோசமா தோத்தாரு. அதையும் சேத்துச் சொல்றேன், ஏன்னா பதவியில இருக்கிறவங்கள சொந்தக் கட்சிக்குள்ள எதிர்க்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

ஆனா நடக்கும். 3-ஆவது தொகுதியில லிபின்ஸ்கி குடும்பம், அப்பா பில் 2004-ல ப்ரைமரிய ஜெயிச்சுட்டு, அப்புறம் நான் நிக்கலன்னு விலகி, கட்சிக்காரங்கள வச்சு மகன் டான அந்த இடத்துல உக்கார வச்சாரு, ஓட்டுப் போட்ட ஜனங்ககிட்ட யாரும் கேக்கவே இல்ல. மேரி நியூமன்ங்கிறவங்க 2018 ப்ரைமரியில அந்த டான எதிர்த்து நின்னு கொஞ்ச ஓட்டுல தோத்தாங்க, 2020-ல மறுபடி நின்னு ஜெயிச்சாங்க. அப்புறம் தொகுதி எல்லைய மாத்தினாங்க, 2022-ல அவங்களும் ஷான் காஸ்டன்ங்கிற இன்னொரு எம்.பி.யும் ஒரே தொகுதியில மோத வேண்டியதாப் போச்சு, அதுல அவங்க தோத்துட்டாங்க. வாரிசு கதை நம்ம ஊர்ல மட்டும்தான்னு நினைக்காதீங்க. 2025 நவம்பர்ல சூயி கார்சியா எம்.பி. தன் மனுவ முதல்ல கொடுத்துட்டு கடைசி நேரத்துல விலகினாரு, கடைசி நாள் மனு கொடுத்திருந்தது அவரோட சீஃப் ஆஃப் ஸ்டாஃப் (ஆபீஸ் தலைமை அதிகாரி) பாட்டி கார்சியா மட்டும்தான், உறவு எல்லாம் இல்ல, பேருதான் ஒண்ணு, வேற யாருக்கும் டைமே இல்ல. சொந்தக் கட்சியில இருந்தே ஒரு எம்.பி. இத கண்டிச்சு தீர்மானம் கொண்டுவந்து, எம்.பி.க்கள் சபையான ஹவுஸ்ல அது நிறைவேறவும் செஞ்சுச்சு. எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ப்ரைமரின்னு ஒண்ணு வச்சதே ஜனங்க தேர்ந்தெடுக்கட்டும்னுதான்.

இப்ப முக்கியமானது, எச்1பி, எல்1, எஃப்1, எச்4, க்ரீன் கார்டு எல்லாரும் நிதானமா படிங்க. சிட்டிசன் ஆகாம ஓட்டுப் போடக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா வில்லங்கம் வர்றது லைசென்ஸ் எடுக்கப் போற இடத்துல. ஃபார்ம்லயோ ஸ்க்ரீன்லயோ வோட்டரா பதியணுமான்னு கேப்பாங்க, கூட்ட நெரிசல்ல எல்லாத்துக்கும் எஸ் அடிச்சுட்டே போவோம். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல அப்படித்தான் ஆச்சு, ரெண்டு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு பேர்ல வோட்டர் கார்டு தபால்ல வந்துச்சு, வீடே அழுதுச்சு. 2020 தொடக்கத்துல, சிட்டிசன் இல்லன்னு சொன்னவங்கள்லயே 500-க்கும் மேல பேர சிஸ்டம் தப்பா பதிஞ்சுட்டதா இல்லினாய்ஸ் அரசே வெளிய சொல்லுச்சு, ஆக தப்பு நம்ம பக்கம் இல்லாமலும் நடக்கும். சிட்டிசன்னு பொய்யா சொன்னதா ஆயிட்டா க்ரீன் கார்டு வச்சிருந்தாலும் நாட்ட விட்டு அனுப்புற அளவுக்குப் போகும், நாளைக்கு சிட்டிசன்ஷிப்புக்கு என்-400 போடுறப்ப எப்பவாச்சும் வோட்டரா பதிஞ்சீங்களான்னு நேராவே கேள்வி இருக்கு. கார்டு வந்தா கிழிச்சுப் போட்டுட்டு சும்மா இருக்காதீங்க, நீங்களா லெட்டரும் எழுதாதீங்க, முதல்ல ஒரு இமிக்ரேஷன் வக்கீலப் பாருங்க.

நிதி கொடுக்கிறதும் அப்படித்தான். க்ரீன் கார்டு இருந்தா கொடுக்கலாம், எச்1பி, எஃப்1, எச்4 எல்லாம் கூடாது, லோக்கல் ஸ்கூல் போர்டு தேர்தலுக்குக்கூட கூடாது. அசோசியேஷன் டின்னர்ல நம்ம ஆளு நிக்கிறாரு, நூறு டாலர் போடுங்கன்னு உருகிக் கேப்பாங்க, என் பேர்ல நீ போடு நான் காசு தர்றேன்னும் சொல்வாங்க, அது இன்னும் பெரிய குத்தம். போட முடிஞ்சவங்களுக்கு, ஃபெடரல் தேர்தலுக்கு 2025-26-ல ஒரு வேட்பாளருக்கு ப்ரைமரிக்கு 3,500, நவம்பருக்குத் தனியா 3,500 டாலர் வரைக்கும். மொத்தம் 200 டாலர் தாண்டினா உங்க பேரு, ஊரு, கம்பெனி பேரு எல்லாம் யார் வேணா பாக்குற மாதிரி ஃபெடரல் எலெக்‌ஷன் கமிஷன் சைட்ல ஏறிடும், ஆபீஸ்ல பாப்பாங்கன்னு தெரிஞ்சே போடுங்க. சம்பளம் வாங்காம போன் பண்றது, நோட்டீஸ் மடிக்கிறது எல்லாம் சிட்டிசன் இல்லாதவங்களும் செய்யலாம். பெட்டிஷன் எடுத்துட்டுப் போய் கையெழுத்து வாங்குற வேலைய மட்டும் தொடாதீங்க, வாங்குறவங்க நான் சிட்டிசன்னு அதே தாள்ல உறுதி எழுதிக் கொடுக்கணும்.

ஓட்டு இருக்கிறவங்களுக்கு: இல்லினாய்ஸ்ல கட்சியில பேரப் பதிஞ்சு வைக்கிற வழக்கம் இல்ல, பூத்துல போய் எந்தக் கட்சி பேலட் வேணும்னு வாய விட்டுக் கேக்கணும், ஒண்ணுதான் தருவாங்க. எத வாங்கினீங்கன்னு பதிவாகும், அந்த லிஸ்ட் கட்சிக்காரங்க கைக்குப் போகும், யாருக்குப் போட்டீங்கன்னு யாருக்கும் தெரியாது, அடுத்த தடவ மாத்தியும் வாங்கலாம். முதல் தடவ எனக்கு அத சத்தமா சொல்ல ரொம்ப கூச்சமா இருந்துச்சு, இப்ப பழகிடுச்சு. முன்கூட்டியே ஓட்டுப் போடவும் வழி இருக்கு, பதிய மறந்திருந்தா தேர்தல் அன்னைக்கே பதிஞ்சு போடலாம், ரெண்டு அடையாளம் கையில இருக்கட்டும், அதுல ஒண்ணுலயாச்சும் இப்ப இருக்கிற அட்ரஸ் இருக்கணும்.

மத்த ஸ்டேட்ல தேதியும் விதியும் வேற. 2026-க்கு டெக்சாஸ், நார்த் கரோலினா மார்ச் 3, கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி ஜூன் 2, மிச்சிகன், வாஷிங்டன் ஆகஸ்ட் 4. நியூயார்க், பென்சில்வேனியாவுல கட்சியில முன்னாடியே பதிஞ்சிருந்தாத்தான் அந்தக் கட்சி ப்ரைமரி, நியூயார்க்ல கட்சி மாத்த பிப்ரவரி 14 கடைசி. கலிஃபோர்னியா, வாஷிங்டன்ல எல்லாக் கட்சியும் ஒரே பேலட்ல, முதல் ரெண்டு பேரு நவம்பருக்குப் போவாங்க, 2016-ல சியாட்டில்ல சென்னையில பொறந்த பிரமிளா ஜெயபாலும் இன்னொரு டெமாக்ரட்டும் நவம்பர்லயும் மோதினது அப்படித்தான். ப்ரைமரியில தோத்துட்டு சுயேச்சையா நிக்கிறது இல்லினாய்ஸ்ல முடியாது, நியூயார்க்ல முடியும், 2025 நியூயார்க் சிட்டி மேயர் தேர்தல்ல முன்னாள் கவர்னர் ஆண்ட்ரூ குவோமோ, ஜோஹ்ரான் மம்தானிகிட்ட ஜூன் ப்ரைமரியில தோத்து, சுயேச்சையா நின்னு, நவம்பர்ல மறுபடி தோத்தாரு.

பிள்ளைங்க இங்க பொறந்தவங்கன்னா இதக் கட்டாயம் பாருங்க, நவம்பர் பொதுத்தேர்தலுக்குள்ள 18 ஆகுதுன்னா 17 வயசுலயே மார்ச் ப்ரைமரியில போடலாம், நிறைய அப்பா அம்மாவுக்குத் தெரியல. என் பொண்ணுக்கு ஆகஸ்ட்ல 18 ஆகுது, இந்த வாரந்தான் பதிஞ்சோம். சாம்பிள் பேலட்ட ப்ரின்ட் எடுத்து சாப்பாட்டு மேஜையில வச்சு ரெண்டு பேரும் பாக்குறோம், செனட்டுக்கு அவ ஒருத்தர் சொல்றா நான் ஒருத்தர் சொல்றேன், சிகாகோ இருக்கிற குக் கவுன்டியில ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஜட்ஜுங்க பட்டியல்தான் நீளமா போகுது, ஞாயித்துக்கிழமை உக்காந்து பார் அசோசியேஷன் (வக்கீல் சங்கம்) ரேட்டிங் பாத்து ஒவ்வொண்ணா முடிக்கணும்.