‘சிபியு ஃபேன் எர்ரர்’ வந்ததும் செய்யும் தவறுகள்

வேலூரில் கணினி பழுது பார்க்கும் எனக்கு ஆண்டில் இரண்டு பருவங்கள் உண்டு. மார்கழி, தை மாதங்களில், “காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘சிபியு ஃபேன் எர்ரர், பிரஸ் எஃப்1’ என்று வந்து நிற்கிறது” என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். சித்திரை, வைகாசியில், “வேலை நடுவில் தானாக அணைந்துபோகிறது” என்று வருவார்கள். பல நேரங்களில் இரண்டு முறை வருவதும் ஒரே கணினிதான். இடையில் யாரோ, கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய், ப்ராசஸரின் (சிபியு) ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனையை அணைத்துவிட்டிருப்பார்.

அணைப்பது எளிது. ஆசுஸ் நிறுவனத்தின் மதர்போர்டுகள் (கணினியின் தாய்ப்பலகை) பலவற்றில், பயாஸின் ‘மானிட்டர்’ பக்கத்துக்குப் போய், ‘சிபியு ஃபேன் ஸ்பீடு லோ லிமிட்’ என்ற வரியை ‘இக்னோர்’ என்று மாற்றினால் போதும். சில கணினிகளில் அப்படிச் செய்வதுதான் சரி; அவற்றைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் அந்தச் சோதனை எதைப் பார்க்கிறது என்பது தெரிய வேண்டும். இது தெரியாமல்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

ப்ராசஸர் ஃபேனின் இணைப்பில் 4 ஊசிகள் இருக்கும். முதலாவது தரை, இரண்டாவது 12 வோல்ட், நான்காவது வேகத்தைக் கட்டுப்படுத்துவது. மூன்றாவது ஊசி வழியாக ஃபேன் தன் சுழற்சியை மதர்போர்டுக்குச் சொல்கிறது: ஒரு சுற்றுக்கு 2 துடிப்புகள். நிமிடத்துக்கு 1,200 சுற்று ஓடினால் நொடிக்கு 40 துடிப்புகள். எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் மதர்போர்டு தொடக்கத்திலேயே நிறுத்தி எச்சரிக்கிறது. பார்ப்பது அவ்வளவுதான். சூடு எவ்வளவு, ப்ராசஸரின் சூட்டை வாங்கும் உலோகப் பாளமான ஹீட் சிங்க் ஒழுங்காக அமர்ந்திருக்கிறதா, இரண்டுக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்பதெல்லாம் அந்தச் சோதனைக்குத் தெரியாது.

நம் ஊரில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு தேங்காய் எண்ணெய். ஃபேன் கரகரவென்று சத்தமிட்டால், நடுவிலுள்ள ஸ்டிக்கரைப் பிரித்து, வீட்டிலிருக்கும் எண்ணெயில் ஒரு சொட்டு விடுகிறார்கள். கோடை முழுவதும் சத்தமில்லாமல் ஓடும். ஆனால் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். மார்கழி விடியலில் வேலூரில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. குளியலறைப் புட்டியில் எண்ணெய் உறைந்து நிற்கும் அதே காலையில், ஃபேனின் அச்சிலும் அது உறைந்திருக்கிறது. ஃபேன் தயங்கித் தயங்கிச் சுற்றுகிறது, துடிப்புகள் குறைகின்றன, எச்சரிக்கை வருகிறது. எஃப்1 அழுத்திவிட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டால், உள்ளே இளஞ்சூடு பரவி எண்ணெய் உருகி, எல்லாம் சரியானதுபோல் தெரியும். உடனே “மதர்போர்டு பொய் சொல்கிறது” என்று முடிவு கட்டி, சோதனையை அணைத்துவிடுகிறார்கள். எண்ணெய் விட்டே ஆகவேண்டும் என்றால் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். அதுவும் புதிய ஃபேன் வாங்கும்வரைதான்.

சென்ற ஆண்டு சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் நகல் எடுக்கும் ஒரு கடையிலிருந்து கூப்பிட்டார்கள். “தம்பி, வைரஸ் என்று நினைத்து விண்டோஸை இரண்டு முறை மாற்றிப் போட்டுவிட்டேன். மதியத்துக்கு மேல் ஒரு பக்கம் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது” என்றார் உரிமையாளர். பக்கத் தகட்டைக் கழற்றினேன். ஃபேன் அசையவே இல்லை. ஜனவரியில் எச்சரிக்கை வந்ததாகவும், தெரிந்த பையன் ஒருவன் ‘சரிசெய்து’ கொடுத்ததாகவும் சொன்னார். இன்றைய ப்ராசஸர்கள் உடனே கருகிவிடுவதில்லை. இன்டெல் ப்ராசஸர்கள் பலவும் 100 டிகிரியை நெருங்கும்போது வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் ஏறினால் அணைந்துவிடும். அதனால்தான் நின்றுபோன ஃபேனோடு அவர் நாலு மாதம் கடை நடத்தியிருக்கிறார். ஜனவரியில் கடைக்குள் 28 டிகிரி இருந்தால் கத்திரி வெயிலில் 40. அறை ஏறிய அந்த 12 டிகிரியும் அப்படியே ப்ராசஸரின் மேல் ஏறும்.

ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொண்டது. சுற்றியுள்ளவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ப்ராசஸரோடு பெட்டியில் வரும் ஃபேன் பெரும்பாலும் கீழ்நோக்கி ஊதுவது. பக்கத்திலுள்ள மின்வழங்கு பாகங்களும் மின்தேக்கிகளும் அதே காற்றில்தான் குளிர்கின்றன. சாதாரண மின்பகுபொருள் மின்தேக்கிக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையில் நெடுநாள் கணக்கு. அந்தக் கடைக் கணினியில் மூன்று மின்தேக்கிகள் தலை உப்பியிருந்தன. சில நூறு ரூபாய் ஃபேனுக்குப் பதிலாக மதர்போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. எனக்கு இன்றும் வருத்தம் தருவது இதுதான்: எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்திருந்தது.

அடுத்த தவறு, தவறான கதவை மூடுவது. பயாஸின் ‘பூட்’ பக்கத்தில் ‘வெயிட் ஃபார் எஃப்1 இஃப் எர்ரர்’ என்றொரு வரி இருக்கும். அதை அணைத்தால் ஃபேன் செய்தி மட்டும் போவதில்லை. தொடக்கத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டிய மற்றப் பிழைகளுக்கும் இனி நிற்காது. ஃபேன் வரம்பை மட்டும் மாற்ற வழி இருக்கும்போது இதைத் தொடாதீர்கள். வரம்பிலும் உடனே ‘இக்னோர்’ வரை போக வேண்டாம். பெரிய, அமைதியான ஃபேன்கள் குளிர்ந்த நிலையில் நிமிடத்துக்கு 500 சுற்றுதான் ஓடும். வரம்பு 600 என்றிருந்தால் நல்ல ஃபேனுக்கும் எச்சரிக்கை வரும். வரம்பை 200 அல்லது 300 ஆக்கினால், ஃபேன் உண்மையிலேயே நிற்கும் நாளில் செய்தி வரும்.

மூன்றாவது ஊசியை ஏமாற்றும் வேலைகளையும் பார்க்கிறேன். தரையோடு சேர்த்தால் பயனில்லை. அங்கே துடிப்பு இல்லை. 12 வோல்ட்டோடு சேர்த்தால் வேகத்தை அளக்கும் சில்லு பழுதாகலாம். பெட்டியின் பின்பக்க ஃபேனின் கம்பியைக் கொண்டுவந்து ப்ராசஸர் இணைப்பில் செருகினால் செய்தி மறையும். வேறொரு ஃபேனின் நாடியைப் பிடித்துவிட்டு இவர் நலம் என்று சொல்வதற்கு ஒப்பு அது.

பழைய அலுவலகக் கணினிகளை வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் வகைகள் பலவற்றில் ஃபேன் இணைப்பு 5 ஊசி. சாதாரண ஃபேனை அதில் வலிந்து செருகாதீர்கள். அந்த மாதிரிக்கான ஃபேனையே தேடி வாங்குங்கள்.

தூசி தட்டிய பிறகு செய்தி வந்தால், செருகியை வேறு இடத்தில் செருகிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். ‘சிபியு ஃபேன்’ என்று பலகையில் அச்சிட்டிருக்கும். அணைத்த சோதனை அடிக்கடி தானாகத் திரும்பி வந்தால், நாணய வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்து பயாஸ் பழைய நிலைக்குப் போகிறது என்று பொருள்.

சோதனையை அணைப்பது சரியான இடங்கள் சிலவே. ஃபேனே இல்லாத பெரிய ஹீட் சிங்க் போட்ட கணினி ஒன்று. தண்ணீர்க் குளிரூட்டி போட்டு, பம்ப்பைத் தனி இணைப்பில் செருகிய கணினி இன்னொன்று. இரண்டாவதில் பம்ப்பின் வேகக் கம்பியையே ‘சிபியு ஃபேன்’ ஊசிகளில் செருக முடிந்தால், அணைக்கவே தேவையில்லை. பம்ப் நின்றால் மதர்போர்டு சொல்லும். அணைத்தே ஆக வேண்டுமென்றால், பிற்பகல் 2 மணி வெயிலில் அரை மணி நேரம் கனமான வேலை கொடுத்துவிட்டு, ப்ராசஸரின் சூட்டைப் பார்த்த பிறகே பெட்டியை மூடுங்கள்.

நான் ‘இக்னோர்’ செய்த ஒவ்வொரு கணினியிலும் பக்கத் தகட்டின் உள்ளே ஒரு சீட்டு ஒட்டுகிறேன். எந்தத் தேதியில் அணைத்தேன், எதற்காக, பம்ப் எந்த இணைப்பில் இருக்கிறது என்று பேனாவால் எழுதியிருக்கும். அடுத்து அதைத் திறப்பவர் நானாக இருக்க வேண்டியதில்லை.