அனிமே படத்தின் வெளிநாட்டு உரிமை வாங்குவது எப்படி

ஒரு ஜப்பானிய அனிமே படம் பிடித்துப்போய், அதை உங்கள் நாட்டுத் திரையரங்குகளில் வெளியிட முடிவு செய்துவிட்டீர்கள். சரி, யாரிடம் கேட்பது? பெரும்பாலானோர் படத்தை வரைந்த ஸ்டுடியோவுக்குத்தான் எழுதுகிறார்கள். பல சமயம் அது வீண். ஜப்பானில் இந்தப் படங்களில் பெரும்பகுதி 'தயாரிப்புக் குழு' முறையில் உருவாகின்றன. மூலக் கதையை வெளியிட்ட பதிப்பகம், டிவி நிறுவனம், இசை நிறுவனம், பொம்மை விற்பவர்கள், உள்ளூர் விநியோகஸ்தர் எனப் பலர் சேர்ந்து பணம் போட்டிருப்பார்கள். ஸ்டுடியோ சின்னப் பங்காளியாக இருக்கலாம். சம்பளத்துக்கு வரைந்து கொடுத்ததோடு சரி என்றும் இருக்கலாம். வெளிநாட்டு விற்பனை குழுவில் யாரோ ஒருவர் கையில் இருக்கும். போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் உள்ள காப்புரிமை வரியைப் படியுங்கள். அதில் குழுவின் பெயர் கிடைக்கும், அங்கிருந்து ஆளைப் பிடிக்கலாம்.

நேரில் பேச மே மாதம் கான் திரைப்பட விழா, ஜூனில் பிரான்ஸின் அன்னெசி அனிமேஷன் விழா, அக்டோபர் கடைசி வாக்கில் டோக்கியோவின் டிஃப்காம் சந்தை. ஒன்றுக்குத்தான் போக முடியுமென்றால் அன்னெசி என்பேன். அங்கே வருகிறவர்கள் அனிமேஷனுக்காக மட்டுமே வருகிறார்கள்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள்: எந்த ஏரியா, எந்த மொழிகள், எந்த ஊடகம், எத்தனை வருடம். திரையரங்கு உரிமை மட்டும் வாங்கினால், ஸ்ட்ரீமிங்கில் படம் எப்போது வரலாம் என்ற இடைவெளியையும் எழுதி வாங்குங்கள். எம்.ஜி. தொகையைப் பற்றி, அதாவது வசூல் எப்படி இருந்தாலும் உரிமையாளருக்குத் தருவதாக உறுதி சொல்லும் குறைந்தபட்சத் தொகையைப் பற்றி, எல்லோரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். விளம்பரச் செலவை யார் முதலில் கழித்துக்கொள்வது என்பதை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். லாபம் வருமா வராதா என்பது பாதி அந்த வரியில்தான் இருக்கிறது.

நான் பேச்சுவார்த்தை மேசையைவிட டெலிவரி அறையில்தான் அதிகம் உட்கார்ந்தவன், அதனால் இந்தப் பகுதியில் கொஞ்சம் பிடிவாதமாகப் பேசுவேன். ஒப்பந்தத்தில் 'படத்தின் பிரதி' என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் பிரதியான டிசிபி தவிர, முழு வசனப் பட்டியல், வசனம் நீக்கிய இசை-ஒலி டிராக், திரையில் ஜப்பானிய எழுத்து இல்லாத காட்சிகள், விளம்பரப் படங்கள் என ஒவ்வொன்றையும் இணைப்பில் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒலி டிராக் வந்ததும் முழுப் படத்தையும் ஓட்டிக் கேட்க வேண்டும். கூட்டத்தின் இரைச்சல், ஓடும்போது வரும் மூச்சு, அழுகை விம்மல் ஆகியவை வசனத்தோடு சேர்ந்து காணாமல் போயிருக்கும். டப்பிங் அரங்கில் நடிகரை நிறுத்திவைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தால் அன்றைய வாடகை போச்சு.

பாடல்களுக்குத் தனியாகக் கேளுங்கள். கடைசியில் வரும் பாடல் படத்தோடு ஓட அனுமதி இருக்கும். அதையே ட்ரெய்லரில் போட இருக்காது.

சப்டைட்டிலை ஜப்பானிய வசனத்திலிருந்தே எழுதவையுங்கள். ஆங்கில டப்பிங் ஸ்கிரிப்டை எடுத்து மொழிபெயர்த்தால் மலிவுதான். ஆனால் உதட்டசைவுக்காக நீட்டியதும் சுருக்கியதும் அப்படியே வந்துவிடும்; கதாபாத்திரம் மௌனமாக இருக்கும் இடத்தில்கூட எழுத்து ஓடும். ரசிகர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அவர்கள் காது அப்படிப் பழகியது.

அப்புறம் அனுமதி. போஸ்டர், ட்ரெய்லர், தலைப்பு, பெயர் வரிசை எல்லாமே ஜப்பானுக்குப் போய் ஒப்புதல் பெற்றுத்தான் வெளியே வரும். குழுவில் பலர் பார்க்க வேண்டியிருப்பதால் நாள் பிடிக்கும். ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுவில், வருடக் கடைசியில் அங்கே அலுவலகங்கள் விடுமுறையில் இருக்கும். அந்த நாட்களை முதலிலேயே காலண்டரில் குறித்துவிட்டு ரிலீஸ் தேதியைப் பேசுங்கள்.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் கதை உண்டு. 1984-இல் வந்த இயக்குநர் மியாசாகியின் 'நௌசிகா' படத்தை அமெரிக்காவில் இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டி, பெயர்களையும் மாற்றி, வேறு தலைப்பில் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு அவருடைய ஸ்டுடியோவான ஜிப்ளி, படத்தை வெட்டக் கூடாது என்பதில் உறுதியாகிவிட்டது. 'இளவரசி மோனோனோகே' அமெரிக்காவுக்குப் போனபோது, தயாரிப்பாளர் சுசுகி ஒரு வாளோடு 'வெட்டு கூடாது' என்ற செய்தியையும் சேர்த்து அங்கே படத்தை வெளியிட்ட மிராமாக்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தார். படம் வெட்டில்லாமல் வந்தது. ஆகவே நீளத்தைக் குறைக்கலாமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவைக்காதீர்கள்.

வெளியீட்டில் டப்பிங் காட்சியும் சப்டைட்டில் காட்சியும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். 2023 டிசம்பரில் ஜிகிட்ஸ் நிறுவனம் மியாசாகியின் 'தி பாய் அண்ட் தி ஹெரான்' படத்தை வட அமெரிக்காவில் இரண்டு வடிவிலும் ஒரே நேரத்தில் வெளியிட்டது. அந்த வார இறுதியில் அங்கே வசூலில் அதுதான் முதலிடம். டிக்கெட் தளத்தில் எந்தக் காட்சி எந்த வடிவம் என்று தெளிவாகப் போட வேண்டும். தவறான காட்சிக்கு வந்து உட்கார்ந்த ரசிகரின் கோபத்தைச் சமாளிப்பது தியேட்டர் ஊழியரின் வேலையல்ல.

படம் ஓடி முடிந்ததும் வசூல் கணக்கைச் சொன்ன தேதியில் அனுப்புங்கள். எம்.ஜி. தொகையைத் தாண்டாவிட்டாலும், அந்தக் காலாண்டில் வரவு பூஜ்யமாக இருந்தாலும், செலவு ரசீதுகளோடு அனுப்புங்கள்; குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் அந்தத் தாள் போய்ச் சேர வேண்டும்.