விக்காவைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்கா என்பது கடந்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு மதம். அதன் பெயரைக் கேட்டதும் பலர் 'சூனியம்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். சூனியம் என்றால் நமக்கு அடுத்தவர் குடியைக் கெடுக்க வைப்பது. விக்காவிலோ, யாருக்கும் தீங்கு வராதவரை உன் விருப்பப்படி செய் என்பதுதான் அடிப்படை நெறி. சாத்தானுக்கும் அங்கே இடமில்லை. அவர்கள் வணங்குவது ஒரு தேவியையும் கொம்புள்ள தெய்வம் ஒன்றையும்தான்.

ஆதிகாலம் முதல் அறுபடாமல் வரும் மதம் என்று எழுதுவதும் சரியில்லை. இன்றைய விக்காவை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர். இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயர். பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி. பிரிட்டனில் சூனியத்துக்கு எதிரான பழைய சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு, 1954இல், கார்ட்னர் இந்த மதத்தைப் பற்றிப் புத்தகமே எழுதினார். சடங்குப் பாடல்களுக்கு மெருகேற்றியவர், அவரிடம் தீட்சை பெற்ற டோரீன் வேலியன்டே. மதத்துக்கு வயது குறைவு என்பதால் பக்தி பொய்யாகிவிடாது, இதை நான் அழுத்தியே சொல்வேன்.

அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது அதாமே என்ற சடங்குக் கத்தி. கறுப்புக் கைப்பிடி, இருபுறமும் கூர். பார்த்தவுடன் பலி என்று நினைக்கிறார்கள். அதால் எதையும் வெட்டுவதில்லை; செதுக்க, நறுக்க வெள்ளைக் கைப்பிடிக் கத்தி தனியாக உண்டு. அதாமேயை நீட்டிப் பிடித்துக் காற்றிலேயே ஒன்பதடி அகல வட்டம் போடுவார்கள். கிழக்கே காற்று, தெற்கே நெருப்பு, மேற்கே நீர், வடக்கே மண் என்று நாலு திசையையும் அழைப்பார்கள். அப்புறம் அதே கத்தியின் நுனியை ஒயின் கிண்ணத்துக்குள் மெல்ல இறக்குவார்கள். தேவியும் தேவனும் சேரும் கணம் அது. கேக்கும் ஒயினும் பகிர்ந்த பிறகு, அழைத்த திசைகளுக்கு விடை கொடுத்து வட்டத்தைக் கலைக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த விடைகொடுத்தலை மறந்து எழுந்துவிடக் கூடாது.

தேதியை அப்படியே நகலெடுப்பதும் பிழை. முன்னோரை நினைக்கும் 'சாவின்' (Samhain) என்ற திருநாள் அக்டோபர் 31. அது இங்கிலாந்தில் இலையுதிர் காலம், ஆஸ்திரேலியாவில் வசந்தம். அங்கே பலர் அதை ஏப்ரல் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள்.

புத்தகம் படித்துவிட்டு 'நான் கார்ட்னர் வழி' என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். அந்த வழியில் தீட்சை உண்டு, அதிலும் மூன்று படிகள். தனியாகச் செய்பவர்களும் ஏராளம். அது வேறு வழி, குறைந்த வழி அல்ல. ஒருவர் விக்காவைப் பின்பற்றுகிறார் என்று தெரியவந்தால், அவரைக் கேட்காமல் வெளியே சொல்லாதீர்கள். வீட்டிலும் வேலையிலும் அதற்காகக் கஷ்டப்படுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.