போர்ச் சட்டம் படிப்பவர்கள் இடறும் இடங்கள்

2019 பிப்ரவரி 27 அன்று விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் பாகிஸ்தானிடம் சிக்கினார். முகத்தில் ரத்தம் வழிய, கண்கள் கட்டப்பட்டு அவர் நின்ற வீடியோ அன்றே எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்துவிட்டது. அடுத்த இரண்டு நாள்கள் டீக்கடைப் பேச்சிலும் 'ஜெனீவா ஒப்பந்தம்' அடிபட்டது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது: போரே அறிவிக்கவில்லையே, அப்புறம் அவர் எப்படிப் போர்க்கைதி ஆவார்? சட்டம் படிக்கும் பிள்ளைகளும் இதையே கேட்டார்கள்.

போர்ச் சட்டத்துக்குள், அதாவது சர்வதேச மனிதாபிமானச் சட்டத்துக்குள், நுழைகிறவர்கள் தடுக்கி விழும் முதல் படி இதுதான். 1949 ஆகஸ்ட் 12 அன்று கையெழுத்தான நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களிலும் 2ஆம் பிரிவு ஒன்றேதான். போர் அறிவிப்பு வேண்டும் என்று அது கேட்கவில்லை. இரண்டு நாடுகளுக்கு இடையே ஆயுத மோதல் எழுந்தால் போதும். ஒரு தரப்பு 'இது போரே அல்ல' என்று மறுத்தாலும் ஒப்பந்தம் பொருந்தும். ஆகவே அபிநந்தன் பிடிபட்ட கணத்திலிருந்தே மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம் அவருக்குத் துணை நின்றது. பெயர், பதவி, பிறந்த தேதி, பணி எண் ஆகியவற்றுக்கு மேல் அவர் எதையும் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர் என்பது 17ஆம் பிரிவு. அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் அவரைக் காக்க வேண்டும் என்பது 13ஆம் பிரிவு. காயம்பட்டவரைக் காட்சிப்பொருளாக்கியதை இந்தியா கண்டித்தது இந்த அடிப்படையில்தான். மார்ச் 1 அன்று அவர் திரும்பி வந்தார். ஆனால் இத்தனை நாளுக்குள் விடுவிக்க வேண்டும் என்ற கணக்கு எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை. சண்டை உண்மையிலேயே ஓய்ந்ததும் தாமதமின்றி விடுவிக்க வேண்டும் என்கிறது 118ஆம் பிரிவு.

இரண்டாவது தவறு இதைவிட ஆழமானது, உணர்ச்சியோடு பின்னியது. 'யார் பக்கம் நியாயம்?' என்று முதலில் முடிவுகட்டிவிட்டு, அந்த நியாயத்தை வைத்தே குண்டு விழுந்த இடத்தையும் அளப்பது. போரைத் தொடங்க உரிமை உண்டா என்பது ஐ.நா. சாசனத்தின் கேள்வி. தொடங்கிய போரை எப்படி நடத்தலாம் என்பது மனிதாபிமானச் சட்டத்தின் கேள்வி. முதல் கேள்விக்கான பதில் இரண்டாவதைத் தொடவே கூடாது. ஆக்கிரமிக்க வந்த நாட்டின் காயம்பட்ட சிப்பாய்க்கும் சிகிச்சை உண்டு. தன் மண்ணைக் காக்கப் போராடுபவனும் சரணடைந்தவனைச் சுடக்கூடாது.

நியூரம்பர்க்கில் ஜெர்மன் தளபதிகள் மீது நடந்த 'பணயக்கைதிகள் வழக்கு' இதற்கு நல்ல பாடம். ஜெர்மனி தொடங்கியது ஆக்கிரமிப்புப் போர், ஆகவே அதன் படைகள் செய்தவை எல்லாமே குற்றம் என்ற வாதத்தை அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. போரின் காரணம் நியாயமோ அநியாயமோ, விதிகள் இரு தரப்புக்கும் ஒன்றே என்றது. அது நாஜிகளுக்குக் காட்டிய சலுகை அல்ல. ஒவ்வொரு படையும் தன் போரை நியாயமான போர் என்றே நம்பும்; நியாயத்தைப் பொறுத்து விதி வளையுமானால் எந்தப் படையையும் அது கட்டுப்படுத்தாது. 'அவன் மீறினான், நானும் மீறுவேன்' என்ற வாதம் செல்லாததும் இதனால்தான். எல்லாச் சூழ்நிலைகளிலும் மதித்து நடப்போம் என்றுதான் பொதுப் பிரிவு 1இல் (நான்கு ஒப்பந்தங்களிலும் ஒன்றுபோலவே வரும் பிரிவு) நாடுகள் வாக்களித்திருக்கின்றன.

அடுத்தது, மோதலின் வகையைத் தீர்மானிக்காமலே பிரிவுகளை எடுத்து வீசுவது. மாணவர்கள் வாதாடிப் பழகும் மூட் கோர்ட் எனும் மாதிரி நீதிமன்றங்களில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். நாடுகளுக்கு இடையிலான மோதலுக்கு நான்கு ஒப்பந்தங்களும் முழுமையாகப் பொருந்தும். அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் இடையிலான மோதலுக்கு அந்த ஒப்பந்தங்களிலிருந்து கிடைப்பது பொதுப் பிரிவு 3 மட்டுமே. அதோடு, அந்த நாடு சேர்ந்திருந்து நிபந்தனைகளும் நிறைவேறினால் ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் கூடுதல் நெறிமுறையும் வரும். இந்த இரண்டாம் வகையில் 'போர்க்கைதி' என்ற அந்தஸ்தே கிடையாது. ஆயுதம் ஏந்தியதற்காகவே அரசு தன் உள்நாட்டுச் சட்டப்படி வழக்குத் தொடரலாம். ஆனால் சித்திரவதை செய்யவோ விசாரணையின்றிக் கொல்லவோ முடியாது. அந்தத் தடையைப் பொதுப் பிரிவு 3 எவ்வித நிபந்தனையும் இல்லாமல் விதிக்கிறது.

ஈழப் போரைப் பற்றி எழுதும்போது நம்மவர்கள் இங்கே அடிக்கடி சறுக்குகிறார்கள். நாடுகளுக்கு இடையிலான மோதலுக்கான முதல் கூடுதல் நெறிமுறையின் பிரிவுகளை இலங்கை அரசை நேரடியாகக் கட்டுப்படுத்துபவைபோல மேற்கோள் காட்டுகிறார்கள். ஜெனீவா ஒப்பந்தங்களில் சேர்ந்த இலங்கை, 1977ஆம் ஆண்டின் இரு நெறிமுறைகளிலும் சேரவில்லை. இந்தியாவும் அப்படியே. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இந்த ஒரு பிழை போதும், முழு வாதத்தையும் ஓரங்கட்டிவிடுவார். பான் கி மூன் அமைத்த ஐ.நா. நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கையைப் பாருங்கள். பொதுப் பிரிவு 3, வழக்காற்றுச் சட்டம் (நாடுகள் கடமை என ஏற்று வழக்கமாகப் பின்பற்றுவதால் உருவான சட்டம்) என்ற இரண்டு கால்களில்தான் அது நிற்கிறது. அந்த அடித்தளத்திலிருந்தே அரசு, விடுதலைப் புலிகள் என இரு தரப்பின் மீதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன என்று அது சொன்னது. சரியான கதவு வழியாகப் போனால் குற்றச்சாட்டின் கனம் குறைவதில்லை.

வழக்காற்றுச் சட்டம் என்றதும் எதிர்த்திசையில் ஓடுபவர்களும் உண்டு. சர்வதேச செஞ்சிலுவைக் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு 161 விதிகளைத் தொகுத்திருக்கிறது. படிப்பவர்களுக்கு அது பெரிய வரம். ஆனாலும் அது ஒரு ஆய்வு, ஒப்பந்தம் அல்ல. அதன் சில முடிவுகளை அமெரிக்கா போன்ற நாடுகள் வெளிப்படையாக மறுத்திருக்கின்றன. விதி எண்ணை மட்டும் எழுதி நகர்ந்துவிடாமல், அதன் கீழே தரப்பட்டுள்ள நாடுகளின் நடைமுறையையும் படிக்க வேண்டும்.

மருத்துவமனை பற்றிய குழப்பத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. மருத்துவமனையை எந்தக் காரணத்துக்காகவும் தாக்கவே முடியாது என்று ஒரு சாரார் நம்புகிறார்கள். உள்ளே ஒரு போராளி இருந்தாலே பாதுகாப்பு போய்விடும் என்று இன்னொரு சாரார். இரண்டுமே தவறு. நான்காம் ஒப்பந்தத்தின் 19ஆம் பிரிவு சொல்வது: மருத்துவப் பணிக்கு வெளியே, எதிரிக்குத் தீங்கு செய்யும் செயலுக்கு அந்த இடம் பயன்பட்டால்தான் பாதுகாப்பு விலகும். அப்போதும் முதலில் எச்சரிக்க வேண்டும், தேவைப்படும் இடங்களில் நியாயமான கால அவகாசம் தர வேண்டும், அந்த எச்சரிக்கை வீணாகியிருக்க வேண்டும். காயம்பட்ட வீரர்கள் அங்கே படுத்திருப்பதோ, அவர்களிடமிருந்து வாங்கி வைத்த சிறு ஆயுதங்கள் கிடப்பதோ தீங்கு செய்யும் செயலாகாது என்று அதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த வரியைப் படிக்காமல்தான் பலர் தொலைக்காட்சி விவாதத்துக்கு வந்து அமர்கிறார்கள்.

2015 அக்டோபர் 3 அதிகாலையில் ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய மருத்துவமனையை அமெரிக்காவின் ஏ.சி.130 விமானம் தாக்கியது. நோயாளிகள், உடனிருந்தவர்கள், மருத்துவப் பணியாளர்கள் என 42 பேர் இறந்தார்கள். மருத்துவமனை எங்கே இருக்கிறது என்ற ஜி.பி.எஸ். விவரத்தை அந்த அமைப்பு முன்கூட்டியே அமெரிக்கப் படைக்குத் தந்திருந்தது. விமானக் குழு தேடியது சில நூறு மீட்டர் தள்ளியிருந்த வேறொரு கட்டடத்தை. மாணவர்கள் இந்தச் சம்பவத்துக்கு உடனே 19ஆம் பிரிவை எழுதுவார்கள். ஆனால் அங்கே நடந்தது தாலிபானுக்கு எதிரான உள்நாட்டு வகை மோதல். ஆகவே ஆப்கானிஸ்தான் சேர்ந்திருந்த இரண்டாம் கூடுதல் நெறிமுறையின் 11ஆம் பிரிவும், அமெரிக்காவையும் கட்டும் வழக்காற்று விதியும்தான் சரியான இடம். மேலே சொன்ன வகைப்படுத்தல் தவறு எப்படி ஒவ்வொரு கேள்விக்குள்ளும் புகுந்துகொள்கிறது பாருங்கள்.

அதே சம்பவத்தைப் படிப்பதில் இன்னொரு தவறும் இருக்கிறது. 2016 ஏப்ரலில் அமெரிக்க விசாரணை அறிக்கை வந்தது. போர்ச் சட்டத்தைச் சிலர் பின்பற்றத் தவறினார்கள் என்று அது ஒப்புக்கொண்டது. 16 பேர் மீது துறைரீதியான நடவடிக்கை. ஆனால் வேண்டுமென்றே செய்ததல்ல என்பதால் போர்க்குற்றம் அல்ல என்றார்கள். குற்ற வழக்கு நடக்கவில்லை. இதைப் படித்து, 'அப்படியானால் சட்டம் மீறப்படவில்லை' என்று முடிவுசெய்யக் கூடாது. சட்டமீறல் வேறு, போர்க்குற்றம் வேறு. ஒரு தனிமனிதரைக் குற்றவாளி என்று சொல்ல அவர் மனநிலையை நிரூபிக்க வேண்டும். அது நிரூபணமாகாவிட்டாலும் அரசின் பொறுப்பு அப்படியே இருக்கும். தெரிந்தே அலட்சியமாக இருந்ததும் 'வேண்டுமென்றே' என்பதற்குள் வரும் என்று முன்னாள் யுகோஸ்லாவியாவின் போர்க்குற்றங்களை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயம் 2003இல் காலிச் வழக்கில் சொல்லியிருக்கிறது. குந்தூஸைப் பற்றிப் பேச வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

விகிதாசார விதியைப் பிணக்கணக்காக மாற்றுவதும் பரவலான தவறு. இந்தப் பக்கம் 10 பேர், அந்தப் பக்கம் 1,000 பேர், ஆகவே விகிதாசாரம் மீறப்பட்டது என்பார்கள். விதி இரு தரப்பு இழப்புகளை ஒப்பிடவில்லை. ஒரு குறிப்பிட்ட தாக்குதலில் எதிர்பார்த்த பொதுமக்கள் இழப்பையும், அதே தாக்குதலில் எதிர்பார்த்த நேரடியான இராணுவப் பயனையும் எடைபோடுகிறது. 'எதிர்பார்த்த' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாதின் அமிரியா பதுங்குமிடத்தில் குண்டு விழுந்து 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டார்கள். இராணுவக் கட்டளை மையம் என்று நம்பினோம் என்றது அமெரிக்கா. அங்கே சட்டம் கேட்பது, தாக்கியவர்களுக்கு அன்று என்ன தெரிந்திருந்தது, இன்னும் எதைச் சரிபார்த்திருக்க முடியும் என்பதை. முன்பு சொன்ன பணயக்கைதிகள் வழக்கிலும் இதே கேள்வி வந்தது. 1944இல் பின்வாங்கும்போது நார்வேயின் ஃபின்மார்க் பகுதியை எரித்த தளபதி ரெண்டுலிச், சோவியத் படை துரத்துகிறது என்று நம்பினார். அப்படித் துரத்தவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அன்று அவருக்குத் தெரிந்ததை வைத்தே அவரை அளந்து, அந்த ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார்கள். மற்றவற்றில் தண்டனை பெற்றார். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பிக்க இது வழி தருவதில்லை. தெரிந்துகொள்ள முயன்றாயா என்பதுதான் அடுத்த கேள்வி.

கடைசியாக, நம் எழுத்தில் கலந்து புழங்கும் மூன்று சொற்கள்: போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம், இனப்படுகொலை. போர்க்குற்றத்துக்கு ஆயுத மோதல் இருந்தாக வேண்டும். மற்ற இரண்டும் அமைதிக் காலத்திலும் நடக்கலாம். இனப்படுகொலைக்கு, ஒரு தேசிய, இனக்குழு, மரபின அல்லது மதக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். இந்த மூன்றையும் ஏணிப்படிகள்போல எண்ணி, மேல்படியில் ஏறினால்தான் துயரத்துக்கு மதிப்பு என்று வாதாடுகிறோம். செர்பியா மீது போஸ்னியா தொடுத்த வழக்கில் 2007இல் சர்வதேச நீதிமன்றம், 1995இல் ஸ்ரெப்ரெனிட்சா நகரில் நடந்த படுகொலையை மட்டுமே இனப்படுகொலை என்றது. மற்ற இடங்களில் பெருங்கொலைகள் நடந்ததை அது மறுக்கவில்லை. அவை வேறு குற்றங்களாக இருக்கலாம், ஆனால் அவற்றை விசாரிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்றது. சொந்தங்களைப் பறிகொடுத்தவர்களுக்காக எழுதும் நாம், எந்தச் சொல்லை எந்த ஆதாரத்தோடு வைக்கிறோம் என்பதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பாடநூலின் சுருக்கங்களைத் தள்ளிவைத்துவிட்டுப் பொதுப் பிரிவு 3ஐக் கையால் எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம்தான் வரும். பிறகு ஆயுத மோதல் என்றால் என்ன என்று சொல்லும் யுகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் டாடிச் வழக்கில் வந்த 1995 அக்டோபர் 2 முடிவு, 70ஆம் பத்தி. அதன்பின் குந்தூஸ் அறிக்கையை எடுத்துக்கொண்டு, விமானம் கிளம்பியதிலிருந்து முதல் குண்டு வரை எந்தெந்த இடத்தில் யார் நிறுத்தியிருக்க முடியும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள்.