151 செ.மீ. உயரத்துக்கு ஒரு டிடெக்டர் தண்டு

என் உயரம் 151 செ.மீ. மண்ணுக்குள் உலோகம் தேடும் மெட்டல் டிடெக்டரோடு வந்த தண்டைக் கடைசி ஓட்டை வரை சுருக்கிவிட்டேன். அப்படியும் ஒரு மணி நேரம் வீசினால் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். தண்டு நீளம்தான் காரணம் என்றே ரொம்ப நாள் நினைத்தேன். உண்மையில் வலிக்குக் காரணம் மறுமுனையில் இருந்தது. கைப்பிடிக்கும் முழங்கைத் தாங்கிக்கும் இடையிலான தூரம் என் கைக்கு ஆறு செ.மீ. அதிகம். தாங்கி முழங்கை மூட்டுக்கு மேலேயே போய் உட்கார்ந்திருந்தது. அவரவர் முழம் அவரவருக்கு. கம்பெனிக்காரர்கள் யாரோ ஒருவருடைய முழத்தைத்தான் எல்லோருக்கும் போட்டுக் கொடுக்கிறார்கள்.

அதனால் முதலில் கையை அளங்கள். முஷ்டியை மூடி, அதன் நடுவிலிருந்து முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் முன்னால் வரை. எனக்கு 23 செ.மீ. வந்தது. தாங்கியின் நடுப்பகுதி அங்கேதான் இருக்க வேண்டும்.

அடுத்தது தண்டின் நீளம். நேராக நில்லுங்கள், தோளைத் தளர விடுங்கள், முழங்கையை லேசாக மடியுங்கள். காயில், அதாவது தண்டின் கீழ்முனையில் உலோகத்தை உணரும் தட்டு, தரையிலிருந்து இரண்டு, மூன்று செ.மீ. உயரத்தில், கால் விரலிலிருந்து ஓரடி முன்னால் இருக்க வேண்டும். குனியவும் கூடாது, தோளைத் தூக்கவும் கூடாது. ஒரு மாப் கட்டையில் காயிலைக் கட்டிப் பத்து நிமிடம் வீசிப் பார்த்துவிட்டு அளவெடுங்கள். தேடப் போகும்போது போடுகிற அதே ஷூவோடு நிற்பது முக்கியம். நான் வெறுங்காலில் அளந்து, முதல் கார்பன் குழாயை மூன்று செ.மீ. குட்டையாக வெட்டித் தொலைத்தேன். வெட்டியதை ஒட்ட முடியாது.

கைப்பிடியிலிருந்து காயில் வரை எனக்கு 85 செ.மீ. காயிலின் எடை 480 கிராம். கேட்க அற்பமாக இருக்கும். 480-ஐ 85-ஆல் பெருக்கி 23-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1,770 கிராம். அவ்வளவு அழுத்தத்தோடு தண்டின் வால் மேலே எழும்பி முன்கையைக் குத்துகிறது. கை குட்டையானால் நெம்புகோலும் குட்டைதானே? பேட்டரியைத் தாங்கிக்குப் பின்னால், கைப்பிடியிலிருந்து 30 செ.மீ. தள்ளி மாட்டினேன். 300 கிராம் பேட்டரி அந்த அழுத்தத்தில் 390 கிராமைக் குறைத்தது. முழுச் சமநிலை வேண்டுமென்றால் அதே இடத்தில் 1,360 கிராம் வைக்க வேண்டும். அது வேண்டாம், அவ்வளவையும் வீசப்போவது நம் கைதான்.

மேல்பகுதி கார்பனோ அலுமினியமோ, உங்கள் விருப்பம். கீழ்த்தண்டு மட்டும் ஃபைபர் கிளாஸாக இருக்கட்டும். கார்பன் ஃபைபரும் மின்சாரம் கடத்தும். காயிலுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோனால் சில டிடெக்டர்கள் முனகும். காயிலை மாட்டும் போல்ட், நட்டு இரண்டும் நைலான், வாஷர் ரப்பர். அவசரத்துக்கு ஒருமுறை இரும்பு போல்ட் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வீச்சிலும் புதையல் கிடைத்தது!

கீழ்த்தண்டின் வெளிவிட்டம் மேல்குழாயின் உள்விட்டத்தைவிட 0.2 மி.மீ. குறைவாக இருந்தால் ஆடாமல் வழுக்கும். இரண்டும் குறைந்தது 12 செ.மீ. ஒன்றுக்குள் ஒன்று இருக்கட்டும். வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை இறுக்கிச் சுற்றி, சன்னப் பல் ஆக்ஸா பிளேடால், குழாயைத் திருப்பித் திருப்பி அறுங்கள். ஒரே பக்கமாக அறுத்தால் கடைசியில் நார் பிய்ந்து நிற்கும். முனையை உப்புத்தாளை ஈரமாக்கித் தேயுங்கள். கார்பன் தூளும் கண்ணாடி நார்த் தூளும் நுரையீரலுக்கு ஆகாதவை, மாஸ்க் கட்டாயம். ஓட்டை போடும்போது குழாய்க்குள் ஒரு மரக்கட்டையைச் செருகி, ட்ரில்லை மெதுவாக ஓட்டுங்கள்.

கைப்பிடியின் சாய்வை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒரு பேனாவை முஷ்டியில் பிடித்துக் கையை முன்னால் நீட்டுங்கள். மேல்முனை முன்பக்கம் சாயும். மணிக்கட்டு நிமிர்ந்திருக்கும் நிலை அதுதான். அந்தச் சாய்விலேயே ஒரு மரத்துண்டைக் குழாயில் பொருத்தி, சைக்கிள் ஹேண்டில்பார் உறையை மாட்டினேன். எப்பாக்சியை இப்போதே தடவாதீர்கள். கிளாம்ப் போட்டு நாலைந்து நாள் வீசிப் பார்த்தபின் நிரந்தரமாக்கலாம். நான் மூன்று முறை நகர்த்தினேன்.

தாங்கிக்கு 90 மி.மீ. பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்து, ஹாட் ஏர் கன்னால் இளக்கி வளைத்தேன். சுமார் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். கருகவிட்டால் வரும் புகை நச்சு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சூடாக இருக்கும்போது கைமேல் நேரடியாக வைக்கக் கூடாது. முன்கையில் கனமான டவலைச் சுற்றிக்கொண்டு அச்சுப் பிடியுங்கள். உள்ளே ஃபோம், மேலே வெல்க்ரோ பட்டை.

கடைசியாகக் கேபிள். காயிலுக்குப் பக்கத்தில், காயில் மடங்கி நிமிரும் அளவுக்கு மட்டும் தளர்வு விட்டு, மீதியைத் தண்டில் அசையாமல் சுற்றுங்கள். கேபிள் ஆடினால் ஒன்றுமில்லாத இடத்தில் சத்தம் போடும். தண்டைக் கையில் தூக்கி, உலோகம் இல்லாத இடத்தில் வெறும் காற்றில் வீசுங்கள், லேசாகத் தட்டுங்கள். சத்தம் வராவிட்டால், நீளம் நின்ற இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கழற்றி மாட்டும்போது மறுபடி அளக்க வேண்டாம்.