அப்கிரேட்ல லைப்ரரி செக் பண்றப்ப மிஷின் நின்னுடுச்சா? நான் பண்ண தப்ப நீங்களும் பண்ணாதீங்க

போன வாரம் ராத்திரி 11 மணிக்கு டீம்ல புதுசா சேர்ந்த பையன் போன் பண்ணான். "அண்ணா, உபுன்டு லினக்ஸ் அப்கிரேட் ஓடிட்டு இருந்துச்சு, முக்கால்வாசி தாண்டி லைப்ரரி ஏதோ செக் பண்ற இடத்துல அப்படியே ஹேங் ஆயிடுச்சு, 40 நிமிஷமா ஒரு அசைவும் இல்ல, பவர் பட்டன அமுக்கிடட்டுமா?" மொதல்ல பட்டன்ல இருந்து கைய எடுடான்னேன். சில வருஷம் முன்னாடி இதே இடத்துல இதே மாதிரி உக்காந்து நான் அமுக்கினவன், அதோட பலன் என்னன்னு எனக்கு தெரியும், அதனாலதான் இத எழுதறேன். பேக்கப் எடுங்க, டிஸ்க்ல எடம் இருக்கான்னு பாருங்க, லேப்டாப்புக்கு சார்ஜர் சொருகுங்கன்னு எல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

கேள்வி கேட்டுட்டு நிக்கறத ஹேங்னு நினைக்கறது

பையனோட மிஷின் ஹேங்கே ஆகல. அவன் ஓட்டினது ஜன்னல் வர்ற அப்கிரேடர், அதுல கீழ "டெர்மினல்"னு ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், அத யாரும் தட்டிப் பாக்க மாட்டாங்க. தட்டிப் பார்றான்னேன். உள்ள டிபேக்கேஜ் (பேக்கேஜுங்கள இன்ஸ்டால் பண்ற ப்ரோக்ராம்) ஒரு கான்ஃபிக் ஃபைல காட்டி "இது நீ மாத்தினது, பழசயே வச்சுக்கவா புதுச போடவா"ன்னு கேட்டுட்டு 40 நிமிஷமா பதிலுக்கு காத்துட்டு இருந்திருக்கு. 'N' எழுத்த அடிச்சான், கடகடன்னு ஓட ஆரம்பிச்சுடுச்சு.

சர்வர்ல இதுக்கு ஒரு அண்ணன் இருக்காரு, பேரு நீட்ரீஸ்டார்ட். லைப்ரரி (பல ப்ரோக்ராம் பொதுவா பயன்படுத்தற கோட் ஃபைல்) அப்டேட் ஆனப்புறம் எந்தெந்த சர்வீஸ் இன்னும் பழைய லைப்ரரிய மெமரில வச்சுட்டு ஓடுதுன்னு ஒவ்வொரு ப்ராசஸா தேடும், தேடி முடிச்சு எதெத ரீஸ்டார்ட் பண்ணட்டும்னு ஸ்க்ரீன் முழுக்க ஒரு பெட்டியப் போட்டு கேட்கும். உபுன்டு 22.04ல நிறைய பேரு மொத தடவையா இத பார்த்து மிரண்டாங்க. கையால ஓட்டினா பரவால்ல, ஸ்க்ரிப்ட்ல வச்சு ஓட்டினா பெட்டி யார் கண்ணுக்கும் தெரியாது, ஸ்க்ரிப்ட் பாட்டுக்கு நின்னுட்டு இருக்கும். ஸ்க்ரிப்ட்ல போடறதா இருந்தா நீட்ரீஸ்டார்ட் மோட் வேரியபிள ஆட்டோமேட்டிக்னு வச்சுட்டு, டெபியன் ஃப்ரன்ட்எண்ட நான்இன்ட்ராக்டிவ்னு வச்சுட்டு ஓட்டுங்க.

லைப்ரரி தேடற பாதைல நெட்வொர்க் டிரைவ சொருகறது

இதுதான் என் தப்பு. இன்னைக்கும் நினைச்சா பத்திக்கிட்டு வரும், ஏன்னா இத பண்ணது வேற யாரும் இல்ல நான்தான், அதுவும் ரெண்டே லைன்ல.

அப்போ எல்லாரும் ஷேர் பண்ற ஒரு டூல் இருந்துச்சு, அதோட லைப்ரரிங்க எல்லாம் ஸ்டோரேஜ் சர்வர்ல, எல்லா மிஷின்லயும் என்எஃப்எஸ் மவுன்ட்டா, அதாவது நெட்வொர்க் வழியா ஒரு ஃபோல்டர் மாதிரி வரும். டூல் ஸ்டார்ட் ஆகறப்ப லைப்ரரி காணோம்னு கத்துச்சு. நெட்ல தேடினா எல்லா பதிலும் ஒண்ணுதான், லைப்ரரிய எங்க தேடணும்னு சொல்ற எல்டி லைப்ரரி பாத் வேரியபிள செட் பண்ணு. நானும் எல்லா யூசருக்கும் பொதுவான ப்ரொஃபைல் ஃபைல்ல ஒரு லைன் போட்டேன், அதோட நிக்காம எல்டிகான்ஃபிக் (எந்த லைப்ரரி எங்க இருக்குன்னு பட்டியல் கட்டற கமாண்ட்) படிக்கற கான்ஃப் ஃபோல்டர்லயும் அதே பாதைய எழுதி ஒரு ஃபைல போட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு. டூல் ஓடுச்சு, எல்லாரும் தேங்க்ஸ் சொன்னாங்க, ரெண்டு வருஷம் ஒரு பிரச்சனையும் இல்ல.

அந்த வேரியபிள் என்ன பண்ணும்னு யோசிக்கவே இல்ல. அது அந்த டூலுக்கு மட்டும் போறதில்ல. அந்த ஷெல்லுல இருந்து கிளம்பற ஒவ்வொரு ப்ரோக்ராமும், எல்எஸ், க்ரெப், கேட் வரைக்கும், தனக்கு வேணும்ங்கற லைப்ரரிய சிஸ்டம் ஃபோல்டர்ல தேடறதுக்கு முன்னாடி மொதல்ல அந்த நெட்வொர்க் டிரைவ்ல போய்தான் தேடும். அங்க இல்லன்னு பதில் வந்தாதான் உள்ளூர்ல பார்க்கும். ஜிலிப்சி (எல்லா ப்ரோக்ராமும் நம்பி இருக்கற அடிப்படை சி லைப்ரரி) பண்ற இன்னொரு கூத்து வேற, ப்ராசசருக்கு ஏத்த மாதிரி தனி சப்ஃபோல்டர் ஏதாவது இருக்கான்னு மொதல்ல அதையும் தட்டிப் பார்த்துட்டுதான் நேரா ஃபோல்டருக்குள்ள வரும். ஸ்டோரேஜ் பதில் சொல்ற வரைக்கும் இது யாருக்கும் தெரியாது. சொல்லலேன்னா? என்எஃப்எஸ் ஹார்ட் மவுன்ட்டுன்னா எரர் குடுக்காது, சர்வர் திரும்பி வர்ற வரைக்கும் காத்துட்டே இருக்கும். எல்எஸ் அடிச்சா எல்எஸ் காத்துட்டு இருக்கும்.

அப்கிரேட் அன்னைக்கு நெட்வொர்க் பேக்கேஜ் மாறி சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆனப்ப, ஸ்டோரேஜுக்கு போற ரெண்டாவது நெட்வொர்க் கார்டு டவுன் ஆயிடுச்சு. மவுன்ட் மட்டும் அப்படியே நிக்குது. கொஞ்ச நேரத்துல "லிப்சி-பின்னுக்கான ட்ரிக்கர் ப்ராசஸ் ஆகுது"ங்கற லைன் வந்துச்சு, அங்க நின்னது நின்னதுதான். அந்த ட்ரிக்கர் வேற ஒண்ணும் இல்ல, எல்டிகான்ஃபிக் ஓடி லைப்ரரி கேஷ திரும்ப கட்டறது. அது என்னோட கான்ஃப் ஃபைல படிச்சு, செத்த டிரைவுக்குள்ள போய் மாட்டிக்கிச்சு. இன்னொரு விண்டோல லாகின் பண்ணேன், வரவேற்பு மெசேஜ் வந்துச்சு, ப்ராம்ப்ட் வரல, ஏன்னா ப்ரொஃபைல்ல என் லைனுக்கு அப்புறம் ஓடற மொத கமாண்டே அங்க போய் மாட்டிடுது. இருந்த பழைய விண்டோல எல்எஸ் அடிச்சேன், அதுவும் செத்துச்சு. எனக்கு அப்போ இதெல்லாம் தெரியாது, புது கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) சரியில்ல, மிஷின் மொத்தமா ஃப்ரீஸ்னு முடிவு பண்ணி பவர ஆஃப் பண்ணிட்டேன்.

எல்டிகான்ஃபிக்க பாதில வெட்டினா பெருசா ஒண்ணும் ஆகாது, அது கேஷ தனியா ஒரு டெம்ப் ஃபைல்ல எழுதிட்டு கடைசிலதான் பேர மாத்தும். ஆனா அதுக்கு பின்னாடி க்யூல இருந்ததெல்லாம் போச்சு. பேக்கேஜுங்க பாதி கான்ஃபிகர் ஆகி நிக்குது, புது கெர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகறப்ப டிஸ்க மவுன்ட் பண்ண உதவற குட்டி சிஸ்டம்) கட்டற வேல கடைசிலதான் நடக்கும், அது நடக்கவே இல்ல. ஆன் பண்ணா ரூட் ஃபைல்சிஸ்டம மவுன்ட் பண்ண முடியலன்னு கெர்னல் பேனிக். பூட் ஆகறப்ப வர்ற க்ரப் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் பழைய கெர்னல புடிச்சு உள்ள போயி, டிபேக்கேஜுக்கு கான்ஃபிகர் மைனஸ் ஏ குடுத்து எல்லாத்தையும் முடிச்சு எழுந்தப்ப விடிஞ்சிருச்சு.

கொடும என்னன்னா அந்த ரீபூட்டால நிஜ காரணம் மறைஞ்சு போச்சு. ரீபூட்ல கார்டு வேற பேர்ல வந்ததால ஐபி இல்ல, என்எஃப்எஸ் மவுன்ட்டே ஆகல, வெறும் காலி ஃபோல்டர், தேடினா உடனே இல்லன்னு பதில், எல்லாம் பறக்குது. பாத்தீங்களா ரீபூட் பண்ணா சரியாயிடுச்சுன்னு நானும் சொல்லிட்டு கார்டு பேர சரி பண்ணி மவுன்ட்ட திரும்ப கொண்டு வந்தேன். ஒரு வாரம் கழிச்சு ஸ்டோரேஜ மெயின்டனன்ஸுக்கு இறக்கினாங்க, அத்தன மிஷினும் ஒரே நேரத்துல "ஹேங்".

அன்னைக்குதான் ஒழுங்கா உக்காந்து பார்த்தேன். கன்ட்ரோல் சி அடிச்சா ப்ராம்ப்ட் வருது, அடுத்த எல்எஸ்ல திரும்ப மாட்டுது. ஆனா சிடி ஓடுது, எக்கோ ஓடுது. எக்கோ போட்டு ஒரு ஸ்டார் வச்சா ஃபோல்டர்ல இருக்கற ஃபைல் பேரெல்லாம் கொட்டுது. அப்போ ஷெல்லுக்குள்ளயே இருக்கற கமாண்டுங்க ஓடுது, வெளில இருந்து லோடு ஆகணும்ங்கறது மட்டும் ஓடல. மிஷின் உயிரோட இருக்கு, மாட்டிக்கறது லோடர்ல, அதாவது ப்ரோக்ராம் கிளம்பறப்ப அதுக்கு வேண்டிய லைப்ரரிய தேடிக் குடுக்கறதுல. ஒரு ப்ரோக்ராம் கெர்னல்கிட்ட என்னென்ன கேட்குதுன்னு காட்டற ஸ்ட்ரேஸ் போட்டு பார்க்கலாம்னா ஸ்ட்ரேஸும் வெளி ப்ரோக்ராம்தானே, அதுவும் அதே இடத்துல மாட்டும். அதனால மொதல்ல அன்செட் அடிச்சு வேரியபிள தூக்கினேன், அன்செட் ஷெல்லோடது, அது ஓடும். அப்புறம் ஸ்ட்ரேஸுக்கு பெரிய ஈ ஆப்ஷன்ல அந்த வேரியபிள குழந்த ப்ராசஸுக்கு மட்டும் குடுத்து எல்எஸ ஓட்டினேன். கடைசி லைன் ஓப்பன்அட்னு (ஃபைல திறக்கச் சொல்றது) ஆரம்பிச்சு, நெட்வொர்க் டிரைவோட பாதை, லிப்செலினக்ஸ் ஃபைல் பேரு, அதோட நிக்குது. மூடற ப்ராக்கெட்டே வரல. மூடாத அந்த ப்ராக்கெட் எதுக்கு காத்துட்டு இருக்கோ அதுதான் உங்க ஹேங்.

இதுல இன்னொரு பொறி. பக்கத்துல இருந்த ஜூனியர் சூடோ (ரூட், அதாவது அட்மின் உரிமையோட ஓட்டற கமாண்ட்) போட்டு எல்எஸ் அடிச்சான், டக்குனு வந்துச்சு. "அண்ணா பர்மிஷன் ப்ராப்ளம்ணா"ன்னு சொல்லிட்டு சிஸ்டம் லைப்ரரிங்க இருக்கற யூஎஸ்ஆர் லிப் மேல 777 (யார் வேணா படிக்கலாம் எழுதலாம்ங்கற பர்மிஷன்) போட கமாண்டே டைப் பண்ணிட்டான், என்டர் மட்டும்தான் பாக்கி. சூடோ யார் கூப்பிட்டாலும் ரூட் உரிமைய எடுத்துக்கற செட்யூஐடி ப்ரோக்ராம்ங்கறதால லோடர் அந்த வேரியபிள மதிக்காது, சூடோவும் தன் பங்குக்கு அத தொடச்சுட்டுதான் கமாண்ட ஓட்டும். சூடோல ஓடி சாதாரணமா ஓடலன்னா பர்மிஷன்னு குதிக்காம மொதல்ல என்விரான்மென்ட்ட பாருங்க.

அந்த டூலுக்கு லைப்ரரி வேணும்னா அந்த டூலுக்கு மட்டும் குடுங்க. ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதி அதுக்குள்ள வேரியபிள வச்சு டூல ஓட்டுங்க, இல்ல பேட்ச்எல்ஃப்ங்கற டூல வச்சு பைனரிக்குள்ளயே ரன்பாத் (லைப்ரரி தேட வேண்டிய பாதை) எழுதுங்க. வேரியபிள் எழுதறப்பவும் கவனம், பழைய மதிப்ப கோலன் போட்டு பின்னாடி ஒட்டற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு, பழைய மதிப்பு காலியா இருந்தா கடைசில வெறும் கோலன் நிக்கும், லோடருக்கு அதோட அர்த்தம் இப்போ நிக்கற ஃபோல்டர்லயும் லைப்ரரி தேடுன்னு. நீங்க எந்த ஃபோல்டர்ல நிக்கறீங்களோ அதுவும் பாதைல சேர்ந்துடும், பாதுகாப்புக்கு இதவிட பெரிய ஓட்டை வேணாம்.

மாட்டினப்புறம் டிஎஃப் அடிக்கறது

டிஸ்க் எடத்த காட்டற டிஎஃப் எல்லா மவுன்ட்டையும் தட்டிப் பார்க்கும், அதனால அதுவும் மாட்டும். வேரியபிள அன்செட் பண்ணிட்டு, ப்ராக் (/proc) ஃபோல்டர்ல இருக்கற மவுன்ட்ஸ் ஃபைல படிங்க.

லிப்சிய வேற மிஷின்ல இருந்து காப்பி பண்றது

"ஜிலிப்சி 2.34 இல்ல"ன்னு எரர் வந்ததும் புது மிஷின்ல இருந்து லிப்சி ஃபைல தூக்கிட்டு வந்து பழச மேல போடறவங்க இன்னும் இருக்காங்க. பாதி கமாண்ட் அந்த நிமிஷமே செத்துடும், எல்எஸ், சிபி, எல்என் எதுவும் ஓடாது, லிங்க்க திருப்பி வைக்கக்கூட கமாண்ட் இல்ல. அப்படி ஆயிடுச்சுன்னா திறந்திருக்கற ரூட் ஷெல்ல மட்டும் மூடிடாதீங்க. பழைய ஃபைல பேர் மாத்தி வச்சிருந்தீங்கன்னா சில லினக்ஸ்ல ஜிலிப்சியோடயே எஸ்எல்என்னு ஒரு குட்டி கமாண்ட் வரும், எந்த லைப்ரரியும் தேவப்படாத ஸ்டாடிக் எல்என் அது, அத வச்சு லிங்க்க பழையபடி மாத்தலாம். இல்லேன்னா லைவ் யூஎஸ்பிதான். புது ஜிலிப்சி கேட்கற ப்ரோக்ராம கன்டெய்னர்ல ஓட்டுங்க, சிஸ்டத்து மேல கை வைக்காதீங்க.

பேர மாத்தி சிம்லிங்க் போடறது

ஒரு ப்ரோக்ராம் லிப்எஸ்எஸ்எல் (என்க்ரிப்ஷன் லைப்ரரி) 1.1 கேட்டா 3ஓட ஃபைலுக்கு 1.1ன்னு பேர் வச்சு லிங்க் போடறது. ஓடாது. சிம்பல் வெர்ஷன் பொருந்தலன்னு அடுத்த எரர் வரும், அவ்ளோதான் லாபம்.

எந்த பைனரி மேலயும் எல்டிடி ஓட்டறது

ஒரு ப்ரோக்ராமுக்கு எந்தெந்த லைப்ரரி வேணும்னு காட்டற எல்டிடி, ஃபைல படிச்சு மட்டும் சொல்லுதுன்னு நானும் ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன். அது ஒரு ஷெல் ஸ்க்ரிப்ட், ஒரு வேரியபிள செட் பண்ணி லோடர் வழியா லைப்ரரிங்கள நிஜமாவே லோடு பண்ணிப் பார்க்கும், சில நேரம் அந்த ப்ரோக்ராமே ஓடிடவும் வாய்ப்பு இருக்கு. எங்கேயோ இருந்து வந்த ஃபைல் மேல அத ஓட்டறது முன்பின் தெரியாதவன வீட்டுக்குள்ள விட்டுட்டு அப்புறம் யாருப்பா நீன்னு கேட்கற மாதிரி. மேல சொன்ன செத்த டிரைவ் கேஸ்ல எல்டிடியும் அங்கயே மாட்டும்ங்கறது தனி. ரீட்எல்ஃப் -d போட்டு நீடட்னு வர்ற லைன மட்டும் பாருங்க, ஃபைலுக்குள்ள எழுதியிருக்கறத காட்டும், எதையும் ஓட்டாது. நேரடியா கேட்கற லைப்ரரி பேரு மட்டும்தான் அதுல வரும், அதுங்க கேட்கறத நீங்க ஒவ்வொண்ணா போய் பாக்கணும், கொஞ்சம் கை வலிக்கும்.

எவ்ளோ நேரம் பொறுக்கறதுன்னு தெரியாம பட்டன அமுக்கறது

சில நேரம் கெர்னலே சொல்லும். ஒரு ப்ராசஸ் கொல்லக்கூட முடியாம மாட்டிக்கிட்டா 120 செகண்டுக்கு மேல ப்ளாக் ஆயிருக்குன்னு பேரோட டிமெசேஜ்ல (கெர்னலோட லாக்) எழுதும், ஆனா கன்ட்ரோல் சிக்கு மசியற என்எஃப்எஸ் காத்திருப்ப எழுதாது. பிஎஸ்ல ஸ்டேட் 'D'ன்னு இருக்கற ப்ராசஸ தேடுங்க, டபிள்யூசான் காலம்ல (எதுக்கு காத்துட்டு இருக்குன்னு காட்டறது) என்எஃப்எஸ், ஆர்பிசின்னு ஏதாவது தெரிஞ்சா விஷயம் நெட்வொர்க்ல. டிஸ்க் லைட் மினுக்கிட்டு ஸ்டேட் மாறிட்டே இருந்தா அது வேல பண்ணிட்டு இருக்கு, விட்டுடுங்க. கீபோர்டு மட்டும்தான் மிச்சம்னா ஆல்ட், சிஸ்ஆர்க்யூ, டபிள்யூ மூணையும் சேர்த்து அமுக்குங்க, அந்த வசதிய உங்க சிஸ்டத்துல அணைச்சு வைக்கலேன்னா மாட்டிக்கிட்ட ப்ராசஸ் லிஸ்ட் கன்சோல்லயே கொட்டும், அத ஒரு போட்டோ எடுத்துட்டு அப்புறம் என்ன பண்றதுன்னு யோசிங்க.