இளங்குதிரையைப் பழக்கும்போது ஏப்ரலைப் பார்க்காதீர்கள்

நுவரெலியாவில் குதிரை வைத்திருப்பவர்களின் நாட்காட்டி ஏப்ரலைச் சுற்றித்தான் ஓடுகிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வசந்த காலத்தில் ஊரே கொழும்புக்காரர்களால் நிரம்பிவிடும். 1875இல் உருவான பந்தயத் திடலில் குதிரைகள் ஓடும். கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகள் மட்டக்குதிரையில் ஏறிப் படம் பிடித்துக்கொள்வார்கள். அதனால் புதிதாக இளங்குதிரை வாங்கியவர் கேட்கும் முதல் கேள்வியே “இந்த ஏப்ரலுக்குள் ஏறிவிடலாமா?” என்பதாக இருக்கிறது. பழக்குவதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன.

முதலில் வயது. இரண்டு வயதிலேயே குதிரை பார்வைக்கு முழு வளர்ச்சி அடைந்ததுபோல் நிற்கும். உள்ளே கதை வேறு. எலும்பு முனைகளில் குருத்தெலும்பாக இருந்து எலும்பை நீளவைக்கும் வளர்தட்டுகள் பொதுவாகக் கீழிருந்து மேலாகவே எலும்பாக இறுகி மூடுகின்றன. குளம்பை ஒட்டிய எலும்புகள் ஒரு வயதுக்குள் இறுகிவிடும். முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ளது இறுக ஏறக்குறைய இரண்டரை வயதாகும். முதுகெலும்பின் முறை கடைசியில்தான் வரும். அதற்கு ஐந்தரை, ஆறு வயதுகூட ஆகலாம். நாம் உட்காருவதோ அந்த முதுகில். “பந்தயக் குதிரைகள் இரண்டு வயதிலேயே ஓடுகின்றனவே” என்று சொல்பவர்கள், கால் பழுதாகி ஒதுக்கப்பட்ட குதிரைகளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. மூன்று வயதைத் தாண்டிய பிறகு எடை குறைந்த ஒருவர் ஏறிச் சிறிது தூரம் நடக்கவிடலாம். நான்கு வயதுவரை அதற்கு மேல் ஆசைப்படாமல் இருப்பது நல்லது. விற்பவர் சொல்லும் வயதைவிட வாயில் தெரியும் வயதை நம்பலாம். முன்வரிசையின் நடுப்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரத்துப் பற்கள் நாலரையிலும் விழுந்து முளைக்கின்றன.

அதுவரை சும்மா கட்டிப்போட வேண்டியதில்லை. கயிற்றைப் பிடித்து நடத்துவது, கால் தூக்கிக் காட்டப் பழக்குவது, லொறியில் ஏற்றி இறக்குவது, வெறும் சேணத்தோடு நடக்கவிடுவது என்று ஏறாமலே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. இதில் மலையகத்துக்கு நிகரான பள்ளிக்கூடம் கிடையாது. கொழுந்து லொறி, தேயிலைத் தொழிற்சாலையின் இரைச்சல், வளைவில் திடீரென முளைக்கும் முச்சக்கர வண்டி, பீலியில் விழும் தண்ணீர், கொழுந்து பறிக்கும் பெண்களின் இடுப்பில் காற்றுக்குப் படபடக்கும் படங்கு, எல்லாமே பாடம்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும் என்று இழுத்துப்போவதுதான் தவறு. குதிரையின் பார்வை ஏறத்தாழ முழு வட்டத்துக்கு விரிந்தது. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டுமே அதற்குக் கண் எட்டாது. இடப்பக்கம் பார்த்துப் பழகிய படங்கை, திரும்பி வரும்போது வலப்பக்கம் பார்த்துப் புதிதாக மிரளும். அதைப் பிடிவாதம் என்று நினைத்துச் சவுக்கை எடுப்பவர்களுக்குக் குதிரை வளர்க்கும் யோக்கியதை இல்லை என்பேன்.

இதைவிட ஆபத்தான தவறு, அசையாமல் நிற்பதை அடக்கம் என்று எடுத்துக்கொள்வது. முதன்முறை சேணத்தை முதுகில் வைக்கும்போது குதிரை சிலைபோல் நிற்கிறது. “பார்த்தீர்களா, எவ்வளவு சாது!” என்று வயிற்று வாரையும் உடனே இறுக்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் அதன் முகத்தைச் சற்று நின்று கவனியுங்கள். மூக்குத் துவாரம் விரிந்து இறுகியிருக்கும். கண் ஒரே இடத்தில் குத்திட்டிருக்கும். விலா ஏறி இறங்காது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கழுத்தில் கை வைத்தால் பலகையாக இருக்கும். அது பயத்தில் உறைந்து நிற்கிறது. அடுத்து வரும் சின்னச் சத்தத்துக்கே வெடித்துக் கிளம்பும். அப்போது “திடீரென்று எகிறிவிட்டது” என்று பழி அதன்மேல் விழும். உண்மையில் இசைந்துபோன குதிரை தலையைத் தாழ்த்தும், மூக்கால் ஊதும், வாயை மெல்லும், ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நிற்கும். அது வரும்வரை அடுத்த ஓட்டைக்கு வாரை ஏற்றாதீர்கள். ஒரு காலைப்பொழுது முழுவதும் சேணத்தை வைத்து எடுத்ததிலேயே போனாலும் அது வீண்போன காலை இல்லை.

குதிரை கற்றுக்கொள்ளும் விதத்தையே பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். குதிகாலால் அழுத்துவதோ கடிவாள வாரை இழுப்பதோ அதற்குப் பாடம் ஆகாது; சரியாகச் செய்த அந்த நொடியில் அழுத்தம் நீங்குவதுதான் பாடம். கால் அழுத்தினீர்கள், ஓர் அடி எடுத்து வைத்தது, அப்போதே காலைத் தளர்த்த வேண்டும். நடக்க ஆரம்பித்த பிறகும் இடித்துக்கொண்டே இருந்தால், நடந்தாலும் இடி, நின்றாலும் இடி என்று புரிந்துகொண்டு காலைச் சட்டை செய்யாமல் விட்டுவிடும். இதே விதி நமக்கு எதிராகவும் வேலை செய்யும். எகிறியதும் பயந்து இறங்கி லாயத்தில் கொண்டுபோய்க் கட்டினால், எகிறினால் வேலை முடியும் என்பதை ஒரே பாடத்தில் பிடித்துக்கொள்ளும். எளிதான ஒன்றைச் செய்யச் சொல்லி, அதைச் செய்ததும் தட்டிக்கொடுத்து இறங்குவது வேறு. இளங்குதிரைக்கு இருபது, முப்பது நிமிடத்துக்கு மேல் மனம் நிற்காது. நன்றாகச் செய்கிறதே என்று “இன்னும் ஒரு சுற்று” போகும்போதுதான் பெரும்பாலும் கெடுகிறது.

ஒருவர் “நில்” என்பார், இன்னொருவர் “ஹோ” என்பார், உரிமையாளர் விசில் அடிப்பார். லாயத்தில் உள்ள அத்தனை பேரும் ஒரே சொல்லுக்கு வந்துசேருங்கள். பாதி பழகிய குதிரையை ஏரிக்கரைச் சவாரிக்கு விடுவதும் இந்த வகைதான்: மணிக்கு ஒரு புதுக் கை கடிவாளத்தை இழுத்தால், இழுப்புக்கு எந்தப் பொருளும் இல்லை என்று அதன் வாய் மரத்துப்போகும். சம்பாதித்துக்கொண்டே கற்கட்டும் என்ற கணக்கு ஒரு பருவத்துக்குத்தான் செல்லும்.

சரிவு மலையகத்துக்கே உரிய சிக்கல். முதுகில் ஆள் இல்லாமலே குதிரையின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் நிற்கிறது. ஆளும் ஏறி, பாதையும் இறக்கமானால் அந்தப் பாரம் இன்னும் முன்னால் சரியும். தன் பின்னங்காலை அடியில் கொண்டுவந்து தாங்கத் தெரியாத இளங்குதிரை ஓடித் தப்பப் பார்க்கும். ஆகவே சமதளத்தில் நின்று திரும்பத் தெரிந்த பிறகு மெல்லிய ஏற்றம், அதுவும் நடையில்; இறக்கத்தில் ஆரம்பத்தில் இறங்கி நடத்திக்கொண்டு வாருங்கள். மழை நனைத்த தார் வீதியில் லாடம் வழுக்கும். தசை சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். தசைநாணும் எலும்பும் மாதக்கணக்கில்தான் தேறும். மூச்சு வாங்காமல் ஏறுகிறதே என்று பாரத்தைக் கூட்டுபவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

தீனியில் நடக்கும் தவறுகள் பயிற்சித் தவறுகளின் வேடத்தில் வரும். கொள்ளையும் தானியத்தையும் அள்ளிப்போட்டு நாள் முழுக்க லாயத்தில் கட்டிவைத்தால், வெளியே வந்ததும் துள்ளத்தான் செய்யும். அதற்குத் திமிர் என்று பெயர் வைக்காதீர்கள். குதிரையின் இரைப்பை ஓய்வில்லாமல் அமிலம் சுரப்பது. புல் வாய்க்குள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் மலைநாட்டுப் புற்றரைகளில் பரவிக் கிடக்கும் கிக்குயு புல்லில் ஆக்சலேட் உண்டு. அது கல்சியத்தை உடலில் சேரவிடாது. அதோடு பாஸ்பரஸ் மிகுந்த தவிட்டையும் தினமும் கொடுத்தால் வளரும் எலும்பு நலிந்துபோகும். கல்சியம் எவ்வளவு சேர்ப்பது என்பதை மிருக வைத்தியரிடம் கேளுங்கள். மரக்கறித் தோட்டக் கழிவைக் குதிரைக்குக் கொட்டும் பழக்கமும் இங்கே இருக்கிறது. கரட் பரவாயில்லை. லீக்ஸ் வெங்காயக் குடும்பம், இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உருளைக்கிழங்குச் செடியும் பச்சை நிறம் ஏறிய கிழங்கும் நஞ்சு. கோவா வயிற்றில் வாயுவைக் கிளப்பும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் உள்ளே போனது போனதுதான்.

ஓய்வுபெற்ற பந்தயக் குதிரையின் பழைய சேணத்தை இளங்குதிரைக்கு மாட்டுவது சிக்கனம் போலத் தெரியும். வளரும் முதுகின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். சேணத்தை எடுத்ததும் முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்களால் அழுத்திக்கொண்டே போங்கள். தோல் சுண்டினால், முதுகு தாழ்ந்தால், சேணம் குத்துகிறது. ஆறிய புண்ணின் மேல் வெள்ளை மயிர் முளைத்த பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை.

கடைசியாக, நன்றாகப் போய்க்கொண்டிருந்த குதிரை ஒரு நாள் எல்லாவற்றையும் மறந்ததுபோல் நடந்துகொள்ளும். தலையை உதறும், கடிவாளத்தைத் தொட்டால் கழுத்தைத் தூக்கும், ஒரு பக்கம் திரும்ப மறுக்கும். உடனே கடிவாளத்தில் வாய்க்குள் கிடக்கும் கம்பியை மாற்றி, கடுமையான வாய்க்கம்பி போடுவதுதான் வழக்கமான வைத்தியம், அதுவே மோசமானதும்கூட. இரண்டரைக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட வயதில் குதிரைக்கு 24 பாற்பற்கள் விழுகின்றன. ஆடும் பல்லின்மேலோ, கன்னப் பல்லுக்கு முன்னால் துருத்தும் சிறு ஓநாய்ப் பல்லின்மேலோ கம்பி இடித்தால் எந்தக் குதிரையும் தலையை உதறத்தான் செய்யும். கம்பியை மாற்றுவதற்கு முன் மிருக வைத்தியரை அழைத்து வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் வரும்வரை வாய்க்கம்பி இல்லாத தலைக்கயிற்றோடு நடத்திக்கொண்டு போகலாம்.